கைப்பிடி இல்லாத கதவு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் வரைந்த ‘உலகின் ஒளி’ ஓவியத்தை அச்சிட்டிருந்தோம். நள்ளிரவு, பாழடைந்த வீடு, மூடிய கதவு. கையில் லாந்தருடன் வாசலில் நின்று தட்டுகிறார் இயேசு. அதைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கதவின் வெளிப்பக்கத்தில் கைப்பிடியே இல்லை. ஓவியர் மறந்துவிட்டார் என்றும், நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது ‘இது உள்ளேயிருந்துதான் திறக்கும்’ என்று அவர் சமாளித்தார் என்றும் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா?

மறதி இல்லை. வேண்டுமென்றே விட்டது. நண்பர் கதை பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் படத்தை நிதானமாகப் பார்த்தவருக்கு அது தேவைப்படாது.

கைப்பிடியை ஒரு நிமிடம் மறந்துவிட்டுக் கீலையும் ஆணிகளையும் பாருங்கள். எல்லாம் துருவேறிக் கிடக்கின்றன. ஐவிக் கொடி கதவிலும் நிலையிலும் படர்ந்து இரண்டையும் சேர்த்துத் தைத்த மாதிரி பிடித்திருக்கிறது. ஒரு தடவை திறந்திருந்தாலும் அந்தக் கொடி அறுந்திருக்கும். கதவடியில் முட்செடியும் களையும் முழங்கால் உயரத்துக்கு மண்டியிருக்கின்றன. மேலே ஒரு வவ்வால். ஆக, கதவு பூட்டியிருக்கிறது என்பதல்ல விஷயம். பல ஆண்டுகளாக யாரும் அதைத் திறக்கவே இல்லை. கைப்பிடி இல்லாதது இந்தச் சாட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறோம்.

மூடிய கதவு பிடிவாதமாக மூடிக்கொண்ட மனம், களை அன்றாட அலட்சியத்தின் சேர்மானம், இருட்டில் மட்டும் பறக்கும் வவ்வால் அறியாமை. ஹன்ட்டே பிற்காலத்தில் கொடுத்த விளக்கம் இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படத்துக்கு ஆதாரமான வசனம் வெளிப்படுத்தின விசேஷம் 3:20, ‘இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்’ என்பது. இதை இயேசுவை அறியாதவர்களுக்கான அழைப்பாகவே பெரும்பாலும் பிரசங்கிக்கிறார்கள். அந்தக் கடிதம் எழுதப்பட்டதோ லவோதிக்கேயா சபைக்கு, அதாவது ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்து வெதுவெதுப்பாகிப் போனவர்களுக்கு. படமும் அதற்கு ஒத்துத்தான் போகிறது. பின்னணியில் தெரிவது காடல்ல, ஆப்பிள் தோட்டம். யாரோ நட்டு வளர்த்தது. ஒரு காலத்தில் ஆள் நடமாட்டம் இருந்து, பிறகு கைவிடப்பட்ட இடம்.

இவ்வளவு விவரங்கள் இருக்கும் படத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? முகத்தைப் பார்த்தவுடன் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

முகத்தில்தான் நிற்கும்; அப்படித்தான் அமைத்திருக்கிறார். தலைக்குப் பின்னால் முழுநிலவு போன்ற பெரிய ஒளிவட்டம், சுற்றிலும் இருட்டு. அதனால் முதல் தடவை பார்த்துவிட்டு, இரண்டாம் தடவை கீழிருந்து மேலே போங்கள்.

முதலில் தரை. லாந்தரின் வெளிச்சம் செம்மஞ்சளாக விழும் இடங்களை மட்டும் விரலால் தொடருங்கள்: களைகள், உதிர்ந்து கிடக்கும் ஆப்பிள், கதவின் அடிப்பகுதி, அங்கியின் கீழ்ப்பகுதி. பிறகு லாந்தர். அதன் சங்கிலி அவருடைய மணிக்கட்டில் சுற்றியிருக்கிறது. சும்மா பிடித்திருப்பதற்கும் சுற்றியிருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கீழே வைத்துவிட்டுப் போக முடியாத விளக்கு அது. மூன்றாவதாகத் தட்டும் கை. ஓங்கித் தட்டும் கையா, மெதுவாகத் தட்டும் கையா என்று பாருங்கள். அதன்பிறகு முகத்துக்கு வாருங்கள். தலை கதவுப் பக்கம் இல்லை, நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கதவைத் தட்டிவிட்டு நம்மைப் பார்க்கிறார். அப்படியானால் வீட்டுக்குள் இருப்பது யார்? இந்தக் கேள்வி எழுந்துவிட்டால் படம் பாதி புரிந்த மாதிரி.

இதில் இரண்டு ஒளிகள் இருக்கின்றன என்பதை முதலில் அச்சில் விளக்கிச் சொன்னவர் விமர்சகர் ஜான் ரஸ்கின். 1854-ல் படம் லண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தபோது பலரும் ஒன்றும் புரியாமல் கடந்து போனார்கள். அந்த மே மாதம் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். லாந்தரின் ஒளி மனசாட்சி. சிவந்தது, உக்கிரமானது, களையையும் கதவையும் மட்டும் காட்டிக்கொடுப்பது. தலையைச் சுற்றிய ஒளி மீட்பின் நம்பிக்கை. மென்மையானது, ஆனால் பின்னாலுள்ள இலைகளும் கிளைகளும் அதற்குள் கரைந்துபோகும் அளவுக்கு வலுவானது. கடிதத்தின் சாரம் இதுதான். இன்றுவரை இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல வாசிப்பு வரவில்லை என்பது எங்கள் கருத்து.

கீழே கிடக்கும் ஆப்பிள் ஏதேன் தோட்டத்துப் பாவத்தைக் குறிக்கிறதா?

ரஸ்கின் அப்படித்தான் படித்தார். லாந்தர் ஒளி ஆப்பிளின் மேல் விழுவதால், மனசாட்சி விழிக்கும்போது நாம் செய்த குற்றம் மட்டுமல்ல, பரம்பரையாக வந்த குற்றமும் தெரிகிறது என்றார்.

ஓவியர் சொன்னது வேறு. ஹன்ட்டுக்கு அந்தத் தோட்டம் ஆன்மாவின் விருந்துக்கான இனிய கனிகள் விளையும் இடம். வசனத்தின் பின்பாதியை நினைத்துப் பாருங்கள்: கதவைத் திறந்தால் உள்ளே வந்து அவனோடே போஜனம்பண்ணுவேன் என்கிறது. விருந்துக்கான பழம் வாசலுக்கு வெளியே பழுத்து உதிர்கிறது, வீட்டுக்காரனோ உள்ளேயே அடைந்து கிடக்கிறான்.

எது சரி? இரண்டும் நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாங்கள் ஓவியர் பக்கம். ‘ஆப்பிள் என்றால் பாவம்’ என்று சூத்திரம்போல வைத்துக்கொண்டு படம் பார்க்கத் தொடங்கினால், ஆப்பிள் வரும் எல்லாப் படங்களும் ஒரே படமாகிவிடும்.

எங்களிடம் உள்ள படத்தில் பகல் வெளிச்சம், கையில் விளக்கு இல்லை. ஆனால் கதவைத் தட்டுகிறார், கைப்பிடியும் இல்லை. இதுவும் ஹன்ட் வரைந்ததா?

இல்லை. அது அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஓவியர் வார்னர் சால்மன் 1942-ல் வரைந்தது. ஹன்ட்டின் கருத்தை எடுத்துத் தன் பாணியில் போட்டிருக்கிறார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம்: கதவில் கம்பியிட்ட சின்னத் திறப்பு இருக்கும், அதற்கு உள்ளே இருட்டு, இயேசுவின் மேலும் கதவின் மேலும் விழும் வெளிச்சம் சேர்ந்து இதய வடிவமாகத் தெரியும். ஹன்ட்டின் இயேசு தலையில் கிரீடம், மார்பில் பதக்கம், கையில் விளக்கு என்று வருகிறார். சால்மனின் இயேசுவுக்கு எளிய அங்கி மட்டும்.

நிலா வெளிச்சத்திலேயே உட்கார்ந்து வரைந்தார் என்கிறார்களே, அது சாத்தியமா? இருட்டில் வண்ணம் எப்படித் தெரியும்?

உட்கார்ந்தது உண்மை. 1851 இலையுதிர் காலத்தில் லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில், ஈவெல் பக்கம் வொர்ஸ்டர் பார்க் பண்ணையில் தங்கியிருந்தார். வயது 24. கூட இருந்தவர் நண்பரும் சக ஓவியருமான மில்லே. பழத்தோட்டத்தில் தட்டிகளால் ஒரு சிறு குடில் கட்டி, குளிருக்கு வைக்கோல் அடைத்த சாக்குக்குள் கால்களை விட்டுக்கொண்டு, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை ஐந்து வரை வேலை. கதவுக்கு மாதிரியாக அமைந்தது அந்தப் பக்கத்து வெடிமருந்து ஆலையைச் சேர்ந்த, கைவிடப்பட்ட ஒரு குடிசையின் கதவு. களை, கொடி, துரு எதுவும் கற்பனையில் வந்ததல்ல. பின்பு லண்டன் செல்சியில் இருந்த தன் அறையில் திரை கட்டி ஒரு மூலையை இருட்டாக்கி, லாந்தர் ஒளி விழும் பகுதிகளைப் பகலிலும், நிலவொளிப் பகுதிகளை இரவிலும் வரைந்து 1853-ல் முடித்தார்.

வண்ணம் தெரியுமா என்ற சந்தேகம் நியாயமானது. மங்கிய ஒளியில் நம் கண்ணில் வேலை செய்பவை கோல் வடிவ உயிரணுக்கள். அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. நீலப்பச்சைப் பக்கம் கூர்மை அதிகம், சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. அதனால் நிலவில் சிவப்பு கறுப்பாகத் தெரியும், பச்சை வெளிறித் தெரியும். வண்ணப் பலகையைப் பார்க்க விளக்கு வேண்டும். விளக்கின் மஞ்சளில் கலந்த நீலமோ பகலில் பார்த்தால் நினைத்ததைவிடத் தூக்கலாக இருக்கும். ஆகவே இரவில் பார்த்தது, விளக்கில் கலந்தது, பகலில் தெரிவது என்ற மூன்றையும் ஓவியர் விடாமல் ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுத்ததற்கு இதுவே போதுமான காரணம்.

அக்காலத்தில் அவரும் மில்லேயும் கையாண்ட வண்ணமுறையையும் சேர்த்துச் சொல்கிறோம். அப்போதைய ஓவியர்கள் பலர் பழுப்பு அடித்தளத்தின் மேல் வரைவார்கள். இவர்கள் வெள்ளை அடித்தளம். அதில் கோட்டோவியம் காய்ந்தபின், அன்றைக்கு முடிக்க வேண்டிய பகுதிக்கு மட்டும் புதிதாக வெள்ளை வண்ணத்தை மெல்லியதாகப் பூசுவார்கள். அதில் மிகுதியான எண்ணெயை முன்னதாகவே உறிஞ்சுதாளால் எடுத்துவிட்டு ஒரு துளி வார்னிஷ் சேர்த்திருப்பார்கள். அந்த ஈர வெள்ளையின் மேல் சிறு தூரிகையால் ஒளி ஊடுருவும் வண்ணங்களை அழுத்தாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் அடி வெள்ளை கலந்து நிறம் சுண்ணாம்பாகிவிடும். அன்றே முடிக்காவிட்டால் வெள்ளை காய்ந்துவிடும். மறுநாள் ஒட்டுப் போட்டால் தழும்பு தெரியும். ஆனால் சரியாக வந்துவிட்டால் ஒளி அடியிலிருந்தே கசிவதுபோல இருக்கும்.

நான் இந்தப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுக்கிறேன். எவ்வளவு மஞ்சள் பூசினாலும் லாந்தர் எரிகிற மாதிரி வரவில்லை. ஒளிவட்டமும் தட்டு ஒட்டியதுபோல இருக்கிறது.

மஞ்சள் கூடக் கூட விளக்கு அணைந்துகொண்டே போகும். எரிவது விளக்கல்ல, அதைச் சுற்றிய இருட்டு ஒழுங்காக இருப்பதுதான் அதை எரிய வைக்கிறது.

வண்ணத்தை நிறுத்திவிட்டு முதலில் ஒரு சிறு தாளில் வெறும் கறுப்பு வெள்ளையில் ஐந்து படிநிலைகளாகப் பிரித்துப் பாருங்கள். மிக வெளிச்சமான படி இரண்டே இடத்துக்குத்தான்: லாந்தரின் துளைகளும், ஒளிவட்டத்தில் முகத்தை ஒட்டிய பகுதியும். அங்கி வெள்ளைதான், ஆனாலும் இரவில் இருக்கும் வெள்ளை. அது இரண்டாம், மூன்றாம் படிக்குப் போக வேண்டும். நகல் எடுப்பவர்களில் பலர் சறுக்குவது இந்த அங்கியில்தான். அதற்குத் தூய வெள்ளையைச் செலவழித்துவிட்டால் விளக்குக்கு மிச்சம் இருக்காது.

இருட்டுக்கு டியூப் கறுப்பை அப்படியே போடாதீர்கள், ஓட்டை மாதிரி தெரியும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் சம அளவில் கலந்தால் ஆழமான கருமை கிடைக்கும். தோட்டப் பக்கம் நீலத்தைச் சற்றுக் கூட்டுங்கள், லாந்தர் பக்கம் அம்பரைக் கூட்டுங்கள். நீலப்பச்சை இருட்டுக்குப் பக்கத்தில் வைத்த மங்கிய ஆரஞ்சுகூட எரியும். பழுப்பு இருட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சும் எரியாது.

ஒளி வேகமாகத் தேய வேண்டும். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. ஒரு சாண் தள்ளியுள்ள களையும் நாலு சாண் தள்ளியுள்ள கதவுப் பலகையும் ஒரே பிரகாசத்தில் இருந்தால் கண் நம்பாது. நிழல்கள் எல்லாம் லாந்தரிலிருந்து விலகி ஓடுகின்றனவா என்று அடிக்கோல் வைத்துச் சரிபாருங்கள்.

ஒளிவட்டம் தட்டாவதற்குக் காரணம் விளிம்பு. விளிம்பைக் கூர்மையாக வெட்டியிருப்பீர்கள். இலைகளையும் அதன்மேல் முழுக் கருமையில் போட்டிருப்பீர்கள். வட்டத்தை நெருங்க நெருங்க இலையின் கருமை குறைந்து, ஓரம் கரைந்து, உள்ளே காணாமலே போக வேண்டும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மென்தூரிகையால் ஒரே ஒரு முறை இழுத்தால் போதும். இரண்டாம் முறை இழுத்தால் புகையாகிவிடும்.

ஏழைத் தச்சராக வாழ்ந்தவருக்கு ஏன் இரத்தினம் பதித்த உடை?

இதே கேள்வியைக் கேட்டு ஓவியரைக் கடிந்துகொண்டவர் எழுத்தாளர் தாமஸ் கார்லைல். படம் உருவாகிக்கொண்டிருந்த அறைக்கே வந்து, இது வெறும் போப்பு மார்க்கக் கற்பனை என்ற பொருளில் சீறிவிட்டுப் போனார்.

ஹன்ட் வரைந்தது நாசரேத்து வீதியில் நடந்த இயேசுவை அல்ல, உயிர்த்தெழுந்து ஆட்சி செய்பவரை. வசனமே வெளிப்படுத்தின விசேஷத்தில் வருவது. உடை ராஜாவுக்கும் ஆசாரியருக்கும் உரியது. மார்பில் இரண்டு பதக்கங்கள் இணைந்திருப்பதைக் கவனியுங்கள். சதுரமானது யாத்திராகமம் 28-ல் ஆரோனுக்குச் சொல்லப்பட்ட, பன்னிரண்டு கற்கள் பதித்த மார்ப்பதக்கம். வட்டமானது புறஜாதியாரின் ஆசாரியத்துவத்துக்கு. தலையில் பொன்முடியும் முள்முடியும் ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. அந்த முள்ளிலிருந்தே இளந்தளிர் விட்டிருக்கிறது. அச்சுப்படங்களில் முதலில் காணாமல் போவது இந்தத் தளிர்தான்.

கார்லைல் கேட்ட ஏழைத் தச்சரை ஹன்ட் பிறகு வரைந்தார். 1870-களின் தொடக்கத்தில் முடித்த ‘மரணத்தின் நிழல்’ ஓவியத்தில் பட்டறையில் வேலை முடித்துக் கைகளை விரித்துச் சோம்பல் முறிக்கிறார் இயேசு. பின்சுவரில் கருவிகளின் மேல் விழும் நிழல் சிலுவையாகத் தெரிகிறது. மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது.

முகத்துக்கு ஒரு பெண் மாதிரியாக அமர்ந்தார் என்பது வதந்தியா?

வதந்தி அல்ல. ஒரே ஆளை வைத்து வரைந்தால் அந்த ஆளின் உருவப்படமாகிவிடும் என்பதால் ஆண், பெண் என்று பலரைப் பார்த்து முகத்தைச் சேர்த்தார். கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி அவர்களில் ஒருவர். தலைமுடியின் நிறத்துக்கு, ஓவியர்களுக்கு மாதிரியாக அமர்ந்துவந்த எலிசபெத் சிடால்.

மூலப்படம் எங்கே இருக்கிறது? இங்கிலாந்துக்குப் போய்வந்த இருவர் இரண்டு ஊர் சொல்கிறார்கள்.

இருவரும் சரியே. மூன்று இருக்கின்றன, மூன்றும் ஹன்ட்டுடையவை.

முதலாவது ஆக்ஸ்போர்டு கீபிள் கல்லூரியின் சிற்றாலயத்தில். 125.5 × 59.8 செ.மீ. ஆக்ஸ்போர்டில் கிளாரண்டன் அச்சகத்தை நிர்வகித்த தாமஸ் கூம் 400 கினிக்கு, அதாவது 420 பவுண்டுக்கு வாங்கினார். அவர் இறந்தபின் மனைவி மார்த்தா கல்லூரிக்குக் கொடுத்தார். இரண்டாவது அதே காலத்துச் சிறிய வடிவம், 49.8 × 26.1 செ.மீ., மான்செஸ்டரில். மூன்றாவது லண்டன் புனித பவுல் பேராலயத்தில் உள்ள, ஏறக்குறைய ஆளுயரப் படம். கீபிள் கல்லூரி படத்தைப் பார்க்கக் கட்டணம் வாங்கியது ஹன்ட்டுக்குப் பிடிக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியபின் மறுபடி வரையத் தொடங்கி 1904-ல் முடித்தார். அதற்குள் கண் பார்வை மங்கிவிட்டதால் எட்வர்ட் ராபர்ட் ஹ்யூஸ் என்ற ஓவியர் பெரும்பகுதிக்குக் கைகொடுத்தார். அதை வாங்கிய கப்பல் உரிமையாளர் சார்லஸ் பூத் 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். 1908-ல் பேராலயத்துக்கு வந்தது. 1910-ல் இறந்த ஹன்ட்டின் அஸ்தியும் அதே பேராலயத்தின் நிலவறையில்தான் இருக்கிறது.

நுணுக்கம் பார்க்க விரும்புபவர் கீபிள் படத்தைப் பார்க்க வேண்டும். பேராலயப் படம் தூரத்திலிருந்து பார்க்க ஏற்றது.

நல்ல அச்சுப்படம் ஒன்று வாங்கிச் சட்டம் போட வேண்டும். எதைக் கவனிப்பது?

முதலில் அளவு விகிதம். கீபிள் படம் அகலத்தைவிட உயரம் 2.1 மடங்கு. 30 செ.மீ. அகலத்துக்கு 63 செ.மீ. உயரம் வேண்டும். கிடைக்கும் பல படங்கள் வழக்கமான சட்டத்தில் அடங்குவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டப்பட்டவை. மேலே வெட்டினால் ஓவியத்தின் வளைந்த மேல் விளிம்பும் வவ்வாலும் போகும், கீழே வெட்டினால் களையும் ஆப்பிளும் போகும். களை போனால் படத்தின் வாதமே போயிற்று. வெட்டாமல் இழுத்து நீட்டியவையும் உண்டு. ஒளிவட்டத்தை அடிக்கோலால் அளந்தால் தெரிந்துவிடும்: அகலமும் உயரமும் சமமாக இல்லையென்றால் இழுத்திருக்கிறார்கள்.

அடுத்தது நிறம். இருண்ட படத்தை அப்படியே அச்சிட்டால் பச்சையும் பழுப்பும் ஒன்றாகிக் கறுப்புத் திட்டாகும். அதற்குப் பயந்து அச்சகத்தில் மொத்தமாக வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். உடனே இரவு மாலையாகிவிடும், லாந்தருக்கு வேலை இருக்காது. மூன்று இடம் பாருங்கள். ஐவி இலைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். லாந்தரின் ஒளியும் தலையொளியும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும். அங்கியின் மடிப்புகள் வெள்ளையில் கரைந்துபோகக் கூடாது. மூன்றில் இரண்டாவது தவறினால் வாங்கவே வேண்டாம்.

நீங்களே அச்சிடக் கொடுப்பதானால் 30 × 63 செ.மீ.க்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3543 × 7441 புள்ளிகள் உள்ள கோப்பு வேண்டும். 200 புள்ளி வீதம் 2362 × 4961 இருந்தாலும் கை தூரத்தில் குறை தெரியாது. அதற்கும் கீழே என்றால் படத்தைச் சிறிதாக்குங்கள். மினுமினுப்பில்லாத தாள், நிறமி மை. ஓவியர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் ஓவியத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் இல்லை. குறிப்பிட்ட புகைப்படத்தின் நிபந்தனையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சால்மன் 1968-ல்தான் இறந்தார், அவர் படங்களின் கணக்கு வேறு.

சட்டம் போடும்போது லாமினேஷன் வேண்டாம். இருண்ட படத்தில் அது கண்ணாடியாகி உங்கள் முகத்தைத்தான் காட்டும். தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரம் கோத்து ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மை உரிந்து வரும். படத்தைச் சுற்றி அமிலமற்ற மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) வைத்தால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தானே கிடைக்கும். மேல் வளைவை போர்டிலேயே வெட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். படத்தை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் தொங்கவிட்டால் ஈரப்பதம் மாறும்போது தாள் சுருங்கி விரிய வழி இருக்கும்.

மாட்டும் இடம்: படத்தின் நடு தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. நேர் வெயில் படாத சுவர். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் ஆகாது, பிரதிபலிப்பு படத்தை விழுங்கிவிடும். மேலே விளக்கு வைத்தால் 2700 முதல் 3000 கெல்வின் வெதுவெதுப்பான வெள்ளை, சுவரிலிருந்து 30 பாகை சாய்வில். நீலம் கலந்த வெள்ளை விளக்கு லாந்தரைச் செத்துப்போக வைக்கும்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை வைத்து அரைமணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். வயது பத்து, பன்னிரண்டு.

வசனத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அப்புறம் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள், பதிலைத்தான் சொல்வார்கள்.

படத்தின் அடிப்பகுதி மட்டும் தெரியும்படி மற்றதைத் தாளால் மூடி ஐந்து நிமிடம் கொடுங்கள். ‘இந்த இடத்துக்கு யாராவது வந்துபோகிறார்களா? எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் போதும். துப்பறிவதுபோல அடுக்குவார்கள். அடுத்து தாளைக் கதவின் உயரத்துக்கு ஏற்றுங்கள். கைப்பிடியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். எப்படியும் ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். கடைசியாக முகம். முகம் தெரிந்தபின் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது என்று வையுங்கள்.

நடுவில் அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சில் ஆரஞ்சு நிறத் தாளைச் சுற்றி, மூடிய ஒரு கதவின் கீழ்ப்பகுதியில் காட்டுங்கள். தூசியும் கீறலும் பகலில் தெரியாத அளவுக்குத் துருத்திக்கொண்டு தெரியும். பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒளி சிறு மேடு பள்ளத்துக்கெல்லாம் நிழல் போடுவதுதான் காரணம். ரஸ்கின் அந்த விளக்கை மனசாட்சி என்றதை அதன்பிறகு விளக்க வேண்டியிருக்காது. வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ஐ இறுதி ஐந்து நிமிடத்தில் வாசியுங்கள். நேரம் இருந்தால் ஹன்ட் மனத்தில் வைத்திருந்த வேறு இரண்டு வசனங்களையும் சேர்க்கலாம்: சங்கீதம் 119:105, ரோமர் 13:12.

ஹன்ட் உண்மையிலேயே பக்தரா, அல்லது விற்பனைக்காகப் பக்திப் படம் வரைந்தவரா?

பணம் வந்தது, மறுப்பதற்கில்லை. செதுக்கு அச்சுகளாக இந்தப் படம் ஆங்கிலம் பேசும் நாடுகளின் வீடுகளுக்கெல்லாம் போயிற்று. ஆனால் விற்பனை ஒன்றே குறியாக இருந்தவர் 1854-ல், பெயர் வரத் தொடங்கிய அதே ஆண்டில், லண்டனை விட்டுப் பாலஸ்தீனத்துக்குக் கிளம்பியிருக்க மாட்டார். சவக்கடலின் உப்புக் கரையில் உட்கார்ந்து அவர் வரைந்தது லேவியராகமம் 16-ல் வரும் போக்காட்டை, அதாவது மக்களின் பாவங்களைச் சுமத்தி வனாந்தரத்துக்கு விரட்டப்படும் ஆட்டை. வாங்க ஆள் கிடைப்பது கடினமான பொருள்தான்.

‘உலகின் ஒளி’யின் சட்டத்தையும் ஹன்ட்டே வடிவமைத்தார். எல்லாரும் வாசிக்கும்படி 3:20 வசனம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் மறைக்கும் கீழ் விளிம்பில், கேன்வாஸின் மேலேயே, லத்தீனில் ஒரு வரி எழுதிவைத்தார். சட்டத்தைக் கழற்றினால் ஒழிய யார் கண்ணிலும் படாது. ‘ஆண்டவரே, என்னையும் கடந்துபோய்விடாதேயும்’ என்பது அதன் பொருள்.